குழந்தைக்கு ஞானஸ்நானம்: இப்போதேயா, வளர்ந்த பிறகா?

‘குழந்தையும் தெய்வமும் குணத்தால் ஒன்று’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நாலு மாதக் குழந்தையைக் காட்டி ‘இதற்குப் பாவம் உண்டா?’ என்று யாராவது கேட்டால் முகம் சுளிப்போம். ஆனால் பெங்களூரில் சபை விட்டுச் சபை கல்யாணம் செய்துகொண்ட தமிழ் வீடுகளில், தொப்புள்கொடி விழுவதற்குள் அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்துவிடுகிறது: ‘ஞானஸ்நானம் எப்போ?’

கடைசியாக என்னிடம் கேட்டவர்கள் ஓர் ஐ.டி. தம்பதி. மனைவி ஃப்ரேசர் டவுன் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் வீட்டார் லிங்கராஜபுரத்தில் பெந்தெகொஸ்தே சபை. ஒரு பக்கத்துப் பாட்டி தினமும் போன் போட்டு ‘தேதி குறிச்சாச்சா?’ என்கிறார். மறுபக்கத்துத் தாத்தாவோ ‘விவரம் தெரியாத பிள்ளைக்கு என்ன ஞானஸ்நானம்?’ என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிட்டார். அந்த மௌனம்தான் அதிகம் படுத்துகிறது என்றார் கணவர்.

நான் நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பிள்ளை. மனைவி சிவாஜி நகர் கத்தோலிக்கம். பதினைந்து வருஷமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்தச் சண்டையை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற தகுதி இருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது?

பெரும்பாலானவர்கள் எந்தக் கோயிலில் பார்க்கிங் வசதி, எந்த மொழியில் ஆராதனை, எந்தப் பக்கத்துச் சொந்தம் அதிகம் கோபப்படும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் அடியில் மனிதனைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. பிள்ளை பத்து வயதில் முதல் பெரிய பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது நீங்கள் என்ன பேசுவீர்கள் என்பது அந்தக் கருத்தைப் பொறுத்தது. அதனால் என் வரிசை இது: பிள்ளை எந்த நிலையில் பிறக்கிறது? தேவனுடைய கட்டளை எதற்காக? பின்னால் தவறு செய்தால் வழி என்ன? எடுத்த முடிவைத் திருப்ப முடியுமா? கடைசியாக, காகிதமும் காசும்.

முதல் கேள்வியில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சண்டையே அங்கேதான்.

‘ஜென்ம பாவம்’ என்ற சொல் தமிழில் பெரிய குழப்பம். எங்கள் பக்கத்து ஃபிளாட் அம்மா ஒருமுறை, ‘போன ஜென்மத்துப் பாவத்தையா தண்ணி ஊத்திக் கழுவுறீங்க?’ என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். வினைப்பயன் வேறு, இது வேறு. கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது. ஆதாம் ஏவாளின் கீழ்ப்படியாமையால் மனித குலம் முழுவதற்கும் நேர்ந்த நிலையைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. இன்று கத்தோலிக்கர்கள் ‘பிறப்புநிலைப் பாவம்’ என்று எழுதுவது இந்தக் குழப்பத்துக்கு எவ்வளவோ தேவலை.

ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது எது என்பதில்தான் பிரிவு. கெட்ட முன்னுதாரணம் மட்டும்தான் என்று சொன்னவராக ஐந்தாம் நூற்றாண்டின் துறவி பெலாஜியுஸை நினைவில் வைத்திருக்கிறார்கள். மனிதன் முயன்றால் கட்டளைகளைக் கடைப்பிடிக்க முடியும் என்பது அவர் பக்கம். அப்படி இல்லை, குற்றமே பிறப்போடு வருகிறது என்று மல்லுக்கு நின்றவர் அதே காலத்து ஆயர் அகுஸ்தீன். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் பெலாஜியுஸின் பக்கத்தைத் தள்ளியது. அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் வேதத்தில் ரோமர் 5:12, ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று படிக்கும்படி இருந்தது. கிரேக்க மூலத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்று ‘எல்லாரும் பாவம் செய்ததால்’ என்றே வாசிக்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலும் ‘பாவஞ்செய்தபடியால்’ என்றுதான் இருக்கிறது. ஒரு சின்ன இணைப்புச்சொல்லின் மேல் எவ்வளவு கட்டிடம்! கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அகுஸ்தீன் வழியில் போகவில்லை. நாம் பெற்றுக்கொண்டது மரணத்தையும் பலவீனத்தையும்தான், ஆதாமின் குற்றத்தை அல்ல என்பார்கள். ஆனாலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து அன்றைக்கே நற்கருணையும் (அப்பமும் திராட்சைரசமும்) கொடுத்துவிடுவார்கள். ஆகவே ‘குற்றம் இருந்தால்தான் குழந்தை ஞானஸ்நானம், இல்லாவிட்டால் வேண்டாம்’ என்ற நேர்க்கோட்டுக் கணக்கு செல்லாது.

வழி 1: கத்தோலிக்கத் திருமுழுக்கு, பிறந்த சில வாரங்களில்

*பிறவி நிலை.* தாத்தா சீட்டாடித் தோட்டத்தைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் சீட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் தோட்டம் இல்லாத வீட்டில்தான் பிறக்கிறான். கத்தோலிக்கப் போதனைக்கு இது கிட்டத்தட்ட சரியான உவமை. பிள்ளை சொந்தமாகக் குற்றம் செய்யவில்லை. இருந்திருக்க வேண்டிய அருள் இல்லாமல் பிறக்கிறது. இந்த நிலை பிறப்பின் வழியாக வருகிறது, பார்த்துப் பழகி வருவதல்ல என்று 1546-இல் திரெந்து சங்கம் தெளிவாக எழுதிவைத்தது. மனித இயல்பு காயப்பட்டிருக்கிறது, ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை. திருமுழுக்கு அந்தப் பாவத்தைப் போக்கும். ஆனால் தீமைப் பக்கம் சாயும் இழுப்பு மிச்சம் இருக்கும்.

*கட்டளை.* இயற்கைச் சட்டம் எல்லா மனிதர் மனத்திலும் எழுதப்பட்டிருக்கிறது, அறிவால் அதைக் கொஞ்சமாவது எட்டலாம் என்பது இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வகுத்த வழி. பத்துக் கட்டளை அதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. அண்டை வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளோடு வளரும் பெங்களூர்ப் பிள்ளைக்கு இந்தப் பார்வை பெரிய உதவி என்று, சி.எஸ்.ஐ.க்காரனான நானே ஒப்புக்கொள்கிறேன்.

*தவறினால்.* சாவான பாவம், அற்ப பாவம் என்று தரம் பிரித்து, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் என்ற கதவு திறந்திருக்கிறது. புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முன்னாலேயே பிள்ளை முதல் பாவசங்கீர்த்தனம் செய்துவிடும்.

*மறைந்திருக்கும் விலை.* இரண்டு. முதலாவது பயம். திருமுழுக்கு பெறாமல் இறக்கும் குழந்தைகள் ‘லிம்போ’ என்ற இடத்துக்குப் போகும் என்பது பல நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வந்த கருத்து. திருச்சபை அதைக் கட்டாய விசுவாசக் கோட்பாடாக ஆக்கியதே இல்லை. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப இடம் இருக்கிறது என்றே எழுதியது. அந்தச் செய்தி எங்கள் அத்தை (மனைவியின் அம்மா) வரை வந்து சேரவில்லை.

எங்கள் மூத்தவள் பிறந்த இருபதாம் நாள், நான் ஆபீஸ் போயிருந்தபோது, அத்தை அடுப்பில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, விரல் விட்டுச் சூடு பார்த்து, சில்வர் டம்ளரில் எடுத்துக் குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரால் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். துண்டால் துவட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. நாலு மாதம் கழித்து எங்கள் ஆலயத்தில் ஐயர் (சி.எஸ்.ஐ.யில் போதகரை அப்படித்தான் சொல்வோம்), ‘இந்தப் பிள்ளை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதா?’ என்று முறைப்படி கேட்க, நான் உரக்க ‘இல்லை’ என்றேன். பின்வரிசையில் அத்தை ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னார்: ‘ஒரு பாதுகாப்புக்குத்தான் மாப்பிள்ளை.’ ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். ஆபத்தில்லாமல் பெற்றோருக்குத் தெரியாமல் செய்வது தவறு, ஆனால் தண்ணீரும் சொல்லும் நோக்கமும் சரியாக இருந்தால் அது செல்லும். அவர்கள் கணக்கில் எங்கள் ஆலயத்தில் நடந்தது வெறும் தலை நனைப்பு!

இரண்டாவது விலை வாக்குறுதி. கலப்புத் திருமணத்துக்கு அனுமதி வாங்கும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை உறுதி தருகிறார். மற்றவருக்கு அது தெரிவிக்கப்படும், அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. கல்யாண அவசரத்தில் இதை யாரும் கவனித்துப் படிப்பதில்லை. குழந்தை பிறந்த பிறகு ஞாபகம் வருகிறது.

*யாருக்கு நல்லது.* ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பத்து வருஷம் விடாமல் கூட்டிப்போக ஒருவராவது தயாராக இருக்கும் வீட்டுக்கு. பிள்ளை கத்தோலிக்கராக வளரும் என்ற நியாயமான நம்பிக்கை இல்லாவிட்டால் பங்குத்தந்தை தள்ளிப்போடச் சொல்லலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சட்டமே அப்படித்தான்.

வழி 2: சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் குழந்தை ஞானஸ்நானம், பிறகு திடப்படுத்தல் (வளர்ந்ததும் தானே விசுவாசத்தை உறுதிசெய்வது)

*பிறவி நிலை.* லுத்தரன்களிடம் இது கத்தோலிக்கத்தைவிடக் கடுமை. அவர்களுடைய விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, பிறவிப் பாவம் உண்மையிலேயே பாவம்தான் என்கிறது. காயம், குறை என்று மெதுவாகச் சொல்லி விடுவதில்லை. மனிதன் தனக்குள்ளேயே வளைந்துகொண்டவன். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும். ரோமர் 7-இல் பவுல் விரும்பாததையே செய்கிறேன் என்று புலம்புவதை லுத்தரன்கள் விசுவாசியின் புலம்பலாகவே படிக்கிறார்கள். என் அனுபவத்தில் நாற்பது வயதுக்கு மேல் இதைவிட ஆறுதலான போதனை இல்லை. பத்து வயதில் புரியுமா என்பது வேறு.

சி.எஸ்.ஐ. 1947-இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானது. அதனால் இங்கே ஒரே சுருதி கிடைக்காது. ஐயரைப் பொறுத்து அழுத்தம் மாறும். இதைப் பலமாகவும் சொல்லலாம், பலவீனமாகவும் சொல்லலாம்.

*கட்டளை.* லுத்தரன் சபைகளின் தொடக்கமான சீர்திருத்தவாதி லூத்தருக்குக் கட்டளையின் முக்கிய வேலை கண்ணாடி காட்டுவது. முகத்தில் கரி இருக்கிறது என்று கண்ணாடி சொல்லும், துடைக்காது. துடைப்பது சுவிசேஷம். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் வழி வந்தவர்கள், மீட்கப்பட்டவனுக்கு அதே கட்டளை நடைபாதை விளக்கு என்பார்கள். இரண்டும் சி.எஸ்.ஐ. பிரசங்கங்களில் கலந்து கேட்கும்.

சின்ன எச்சரிக்கை: பத்துக் கட்டளைகளின் எண்கள் வேறு. எங்கள் மகள் பாட்டி வீட்டில் ‘ஆறாம் கட்டளை, கொலை செய்யாதிருப்பாயாக’ என்று ஒப்பித்தபோது, ‘அது அஞ்சாவதுடி, ஆறாவது மோகபாவம்’ என்று அத்தை திருத்தினார். ஏழு வயசுப் பிள்ளை மோகபாவம் என்றால் என்ன என்று கேட்க, வீடே டி.வி. சத்தத்தைக் கூட்டியது. விக்கிரக வணக்கத் தடையைக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் முதல் கட்டளைக்குள் சேர்ப்பார்கள், இச்சையை இரண்டாகப் பிரிப்பார்கள். எங்களுக்கு அது தனி இரண்டாம் கட்டளை.

*தவறினால்.* தனிப்பட்ட பாவசங்கீர்த்தனம் கட்டாயமில்லை. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். பிள்ளைகள் அதைக் கடகடவென்று ஒப்பிக்கும் வேகத்தில் பாவம் பயந்து ஓடிவிடும்.

*மறைந்திருக்கும் விலை.* திடப்படுத்தல் வகுப்பு பட்டமளிப்பு விழாவாகிவிடுவது. பேராயர் வந்து தலையில் கை வைப்பார், வெள்ளை உடையில் போட்டோ எடுப்பார்கள், அடுத்த மாதத்திலிருந்து பையனுக்கு டியூஷன். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிலேயே இதைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். சபைச் சந்தாவைத் தொடர்ந்து கட்டாமல் விட்டால் கல்யாணத்துக்கோ கல்லறைக்கோ போய் நிற்கும்போது பழைய பாக்கி பேச்சு வரும்.

*யாருக்கு நல்லது.* இரு பக்கத்திலும் முழுச் சம்மதம் இல்லாத வீட்டுக்கு. திரித்துவ நாமத்தில் தண்ணீரால் கொடுத்த இந்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்கும், மறுபடி கொடுக்காது.

வழி 3: இப்போது பிரதிஷ்டை (ஜெபித்துப் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பது), விசுவாசித்த பிறகு முழுக்கு

*பிறவி நிலை.* பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் பெரும்பாலும் ஆதாமின் சுபாவம் பிள்ளைக்கு உண்டு என்றே நம்புகின்றன. பெலாஜியுஸ் கட்சி என்று அவர்களை ஒதுக்குவது அநியாயம். ஆனால் நன்மை தீமை அறிந்து, தானே தெரிந்துகொள்ளும் வரை குற்றம் அதன் கணக்கில் எழுதப்படாது என்பார்கள். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18:20 இவர்கள் பக்கத்து வசனம். என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள் என்ற சங்கீதம் 51:5 அந்தப் பக்கத்து வசனம். குடும்ப விருந்தில் இந்த இரண்டையும் மாறி மாறி எறிந்துகொண்டே பிரியாணி ஆறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் விசுவாசம், பிறகு ஞானஸ்நானம் என்ற வரிசையை மாற்கு 16:16-இலிருந்து காட்டுவார்கள். சிறைச்சாலைக்காரனின் வீட்டார் எல்லாரும் பெற்றார்களே (அப்போஸ்தலர் 16), அதில் குழந்தை இல்லையா என்று மற்றவர்கள் கேட்பார்கள். குழந்தை இருந்ததென்றும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை. 1525-இல் சூரிச்சில் சிலர் வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை.

*கட்டளை.* ‘நாம் நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லை, கிருபையின் கீழ்’ என்பது அடிக்கடி கேட்கும் வசனம். அதே சபைகள் சிலவற்றில் கம்மலும் சங்கிலியும் போடக்கூடாது. மோசேயின் சட்டத்தில் கம்மலுக்குத் தடை இல்லை! குத்திக்காட்டச் சொல்லவில்லை. எழுதப்படாத கட்டளைகள் எல்லாச் சபையிலும் உண்டு, இங்கே அவை கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

*தவறினால்.* மனந்திரும்பி நேரே கர்த்தரிடம் அறிக்கை செய்வது. நடுவில் ஆள் இல்லை.

இதன் பலம், அந்த நாள் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும் என்பது. என் மைத்துனர் மகன் ஒரு டிசம்பர் காலையில் முழுக்கு எடுத்தபோது போயிருந்தேன். மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் தொட்டி. பெங்களூர்க் குளிரில் தண்ணீர் பச்சென்று இருந்தது. வெள்ளை அங்கி தண்ணீரில் உப்பி மிதக்க, பாஸ்டர் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே மறுகையால் அவனைச் சாய்த்தார். எழுந்தவனுக்குப் பல் தந்தியடித்தது. ஆனால் முகத்தில் இருந்ததை நான் எந்தத் திடப்படுத்தல் போட்டோவிலும் பார்த்ததில்லை.

*மறைந்திருக்கும் விலை.* ‘நான் இரட்சிக்கப்பட்டேனா?’ என்ற கேள்வி பிள்ளையின் தலையிலேயே ஏறிவிடுகிறது. வருஷா வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் கை தூக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். போன வருஷம் தூக்கிய அதே கை. பயந்த சுபாவப் பிள்ளைக்கு இது பாரம். இன்னொன்று: பிள்ளை இருபத்தைந்து வயது வரை முழுக்கு எடுக்காமலே இருந்து, ஒரு கத்தோலிக்கரைக் கட்ட நினைத்தால், சாதாரணக் கலப்புத் திருமண அனுமதி போதாது, ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் தனி விலக்கு வாங்க வேண்டும். ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் கொடுக்கும் சபை என்றால் அந்த ஞானஸ்நானத்தையே கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காது. சின்ன சுயாதீன சபை என்றால் கல்லறைக்கு இடம் எங்கே என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

*யாருக்கு நல்லது.* வீட்டில் தினமும் ஜெபமும் வேத வாசிப்பும் உண்மையிலேயே நடக்கும் குடும்பத்துக்கு. அது நடக்காத வீட்டில் ‘வளர்ந்ததும் அவனே முடிவு செய்யட்டும்’ என்பது தள்ளிப்போடுவதற்கு நல்ல சாக்கு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கத்தோலிக்கம் | சி.எஸ்.ஐ. / லுத்தரன் | பிரதிஷ்டை + முழுக்கு |
|---|---|---|---|
| பிறவி நிலை | அருளை இழந்த, காயப்பட்ட இயல்பு | லுத்தரனில் உண்மையான பாவம், சி.எஸ்.ஐ.யில் அழுத்தம் மாறும் | பாவச் சுபாவம் உண்டு, குற்றம் பிறகு |
| கட்டளை | மனத்தில் எழுதிய சட்டத்தின் தெளிவு | கண்ணாடி, விளக்கு | கிருபைக்கு அடுத்த இடம் |
| தவறினால் | பாவசங்கீர்த்தனம் | சபையாகப் பாவ அறிக்கை | நேரடி மனந்திரும்புதல் |
| மறுபடி கொடுப்பார்களா | மாட்டார்கள் | மாட்டார்கள் | குழந்தை ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கொடுப்பார்கள் |
| பெற்றோர் வேலை | பத்து வருட மறைக்கல்வி | சண்டே ஸ்கூல், திடப்படுத்தல் வகுப்பு | வீட்டிலேயே, தினமும் |

நாலாவது வரிசையைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் இரண்டு வழியில் போன பிள்ளை பின்னால் மூன்றாவதுக்குப் போகலாம், ஆனால் அப்போது ‘நாங்கள் கொடுத்தது செல்லாதா?’ என்று பெற்றோர் மனம் உடையும். சி.எஸ்.ஐ. மறுஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. மூன்றாவது வழியில் தொடங்கியவர் எந்தப் பக்கமும் போகலாம். வெறும் கதவு திறந்து மூடும் கணக்கு என்றால் மூன்றாவதுதான் ஜெயிக்கும். ஆனால் பிள்ளைக்குச் சோறும் மொழியும் கேட்காமல்தான் கொடுக்கிறோம்.

டெல்லி, மும்பை வாசகர்களுக்கு ஒரு தகவல்: 1970-இல் உருவான சி.என்.ஐ.யில் (வட இந்தியத் திருச்சபை) பாப்டிஸ்ட்களும் சேர்ந்ததால், குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டுக்கும் ஒரே சபைக்குள் இடம் உண்டு. பெங்களூரில் நமக்கு அந்த வசதி இல்லை.

காகிதம்

பதிவேட்டில் ஏறிய பெயர் சும்மா இருப்பதில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பின்னர் செய்த திருத்தங்களோடு, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர்களைப் பட்டியல் சாதியாகக் கருதுவதில்லை. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற ஒரு புதுச்சேரிப் பெண், தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில் ஞானஸ்நானப் பதிவும் பேசப்பட்டது. பெற்றோரில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து என்றால், தேதி குறிக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆலயத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

மற்ற செலவு? மூன்று வழியிலும் பெரிய பில் சாப்பாட்டுக்குத்தான்.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னது

மனைவி ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறவர், திருமணத்தில் வாக்குறுதியும் கொடுத்திருக்கிறார். கணவர் சபைக்குப் போவது பெரும்பாலும் அப்பாவுக்காக. அதை அவரே சொன்னார். அப்படியானால் முதல் வழி, ஆனால் அவசரமில்லாமல், தாத்தாவோடு உட்கார்ந்து பேசிய பிறகு என்றேன். இதுவே கணவர் வீட்டில் தினம் குடும்ப ஜெபம் நடந்து, மனைவி கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவராக இருந்திருந்தால் மூன்றாவதைச் சொல்லியிருப்பேன். என் சொந்தச் சபையை ஏன் சொல்லவில்லை என்று என் மனைவி கேட்டாள். இருவருக்குமே ஒட்டாத மூன்றாம் இடத்தில் பிள்ளையைப் பதிந்துவிட்டு இருவருமே வராமல் போவதை நிறையப் பார்த்தாயிற்று.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன். பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும் முன், கத்தோலிக்கப் பக்கத்துப் பாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, சில்வர் டம்ளர் விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். அவர் சிரித்தால் தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஃபாதர் கேட்பார்.